மைனிங் ரிக்குக்குத் தண்ணீர்க் குழாய் மாட்டிய தாஸ் அண்ணன்

தாஸ் அண்ணன் இறந்துவிட்டார்.

வளைகுடாவில் ஒரு கப்பலின் இன்ஜின் ரூமில்... வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி. காலையில் அவர் மனைவி ரோஸ்லின் மதினி போன் செய்தார். உடல் என்றைக்கு வரும் என்று தெரியவில்லையாம்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. மணப்பாட்டுக்காரர், படகு இன்ஜின் மெக்கானிக். கல்யாணத்துக்குப் பிறகு தச்சநல்லூரில் எங்கள் தெருவில் குடியிருந்தார்.

அப்போது நான் மாடி அறையில் கம்ப்யூட்டரில் ஆறு கிராபிக்ஸ் கார்டு வைத்து, டிஜிட்டல் காசு எடுக்கும் கிரிப்டோ மைனிங் செய்துகொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் நாலு ஃபேன் வைத்தும் சூடு தாங்காமல் சிஸ்டம் அணைந்து அணைந்து போகும்.

ஒருநாள் எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “கடல் தண்ணிய வச்சு எவ்வளவு பெரிய இஞ்சின ஆத்துதோம்... இந்தப் பொட்டிய ஆத்த முடியாதா வே?”

கார்டுகளின் மேல் பொருத்தும் வாட்டர் பிளாக் மட்டும் ஆன்லைனில் வாங்கினேன். பழைய கார் ரேடியேட்டர், பம்ப், குழாய் எல்லாம் அவர் கொண்டுவந்தது. குழாயை இறுக்கும் ஒவ்வொரு கிளாம்ப்பிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி, ஒரு பகல் முழுக்கத் தண்ணீரை ஓட்டிப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை.

எண்பத்தைந்து டிகிரியில் கொதித்த கார்டுகள் ஐம்பத்தைந்துக்கு இறங்கின. ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “காச்சல் விட்டுட்டு வே” என்றார்.

“ஓவர்கிளாக் பண்ணி வேகத்த ஏத்தணும்னா ஏத்தும். ஆனா தண்ணி அம்பது டிகிரியத் தாண்டப்பிடாது. சூட்டுல குழாய் இளகிரும். கேட்டேரா?”

மைனிங் செய்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டேன். பாளையங்கோட்டையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஊரிலேயே இருந்து இந்த வேலையைச் செய்துவிடலாம் என்று மதினியிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு காயின் விலை ஏறியது. நான் வோல்டேஜை ஏற்றினேன். கார்டுகளின் வேகத்தை ஏற்றினேன். சூடு எல்லை தாண்டியதும் அலாரம் அடித்தது... அலாரத்தை அணைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

குழாய் இளகிக் கழன்றது. தண்ணீர் கொட்டி ஆறு கார்டும் போயின.

வீட்டில் கேட்டபோது, “அண்ணன் மாட்டுன கிளாம்ப் லூசு” என்றேன். அதையே குரூப்பிலும் எழுதினேன்.

அவர் வந்து அந்த ஈரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். குழாயின் முனையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“தண்ணி எத்தன டிகிரி ஓடுச்சு வே?”

“நாப்பத்தஞ்சுதான் அண்ணே.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “சரி வே... என் கைதான் பெசகிட்டு போல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதன் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆறே மாதத்தில் கப்பலுக்குப் போய்விட்டார்.

இன்று மதினி அழுதுகொண்டே சொன்னார். “ஒங்கட்டதான் மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு தம்பி. அவுகளுக்கு ஒங்க மேல அம்புட்டுப் பிரியம்.”



அந்த குரூப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்... கிளாம்ப் லூசாக இல்லை. தண்ணீரை அறுபத்தெட்டு டிகிரியில் ஓடவிட்டது நான்.

இனி மதினியிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரமாகக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.

இளைப்பாறுங்க, அண்ணே.