காசு வாங்காத ஆலோசனை

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த அன்று கொடுத்த விதிமுறைப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். வெளி ஆலோசனைப் பணிக்கு முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது. காசு வாங்கினால்தானே அது பணி என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

படிக்கிற காலத்தில் நான் தங்கியிருந்த திருவல்லிக்கேணி மேன்ஷனின் முதலாளி பாய் ஒருநாள் போன் செய்தார். "நைனா, மூணாவது மாடில சிமென்ட்டு பேந்து வுழுது. நீ சிவில் வாத்தியார்தான? வந்து ஒரு பார்வை பாரேன்."

சனிக்கிழமை எங்கள் ஆய்வகத்திலிருந்து கான்கிரீட்டின் வலுவைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். கூரைக் கம்பிகள் துருப்பிடித்து உப்பியிருந்தன. மாடியைக் காலி செய்யவேண்டும் என்று இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். ஆய்வகத்தில் எந்த அறிக்கை முடிந்தாலும் கீழே துறை முத்திரை குத்துவது வழக்கம். அதே கையோடு இதிலும் குத்திவிட்டேன். டீயும் சமோசாவும் தவிர எதுவும் வாங்கவில்லை.

பாய் மாடியைக் காலி செய்தார். பழுதுபார்க்க அனுமதி கேட்டு, அறிக்கையை மாநகராட்சியில் கொடுத்தார். இது உங்களுடையதுதானா என்று அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார்கள்.

"காசு வாங்கலைங்க" என்றேன் அலுவலகக் கண்காணிப்பாளரிடம்.

"அத்த யாரு சார் கேட்டாங்க? முத்திரை யாருது? அத்த சொல்லு."

என் தகுதிகாண் பருவம் முடிய இரண்டே மாதம்.

துறைத் தலைவர் அம்மையார் கதவைச் சாத்தச் சொன்னார். "உங்க கன்ஃபர்மேஷன் ஃபைல் மேல போயிண்டிருக்கு. இந்த நேரத்துல இது தேவையா? அறிக்கையை வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு லெட்டர் கொடுத்துடுங்கோ. இதோட முடிஞ்சுடும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து பாய்க்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"பசங்க பெட்டியோட கீழ ஹால்ல படுத்துக்கினு கீறானுங்க. ரிப்போர்ட்டே டூப்புன்னு தெரிஞ்சா நாளைக்கே மேல ஏறிடுவானுங்க. அந்தக் கூரை தாங்குமா, தாங்காதா?"

"தாங்காது பாய்."

"அப்புறம் இன்னாத்துக்கு வாபஸ்?"

கடிதத்தை மூன்று முறை கிழித்து எழுதினேன். அனுமதி வாங்காதது, கருவியை எடுத்துப் போனது, முத்திரை குத்தியது எல்லாம் என் தவறு. கூரையைப் பற்றி எழுதியதில் தவறில்லை, அதை வாபஸ் வாங்கவில்லை என்று முடித்தேன். அம்மையார் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை நான் மேல அனுப்பித்தான் ஆகணும், தெரியுமோல்லியோ?" தெரியும் என்றேன்.

அடுத்த வாரம் விசாரணைக் குழு கூப்பிடும் என்றார்கள். அப்படி மூன்று வாரம் போய்விட்டது. வகுப்பு வாசலில் பியூனின் தலை தெரிந்தால் போதும், பாதி வரைந்த படத்தில் என் சாக்பீஸ் நின்றுவிடுகிறது.