பெற்றீசியா அக்காவின் பட்டன் கத்திகள்

பெற்றீசியா அக்காவை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் "கத்தி அக்கா" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிச் சொல்கிற வாய்களைத் தைத்துவிட்டால் என்ன என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. அவர் என் பெரியப்பா மகள். இத்தாலியில் பதினான்கு வருடம் வயதானவர்களைக் குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளி, மருந்து கொடுத்துச் சம்பாதித்தவர். ஒரு எறும்பைக்கூட அதட்டத் தெரியாத மனுசி.

அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத்து ரோட்டோரம் நிற்கிற அந்தக் கல்வீடு அவர் சம்பளத்தில் எழும்பியது. அதில் பெரிய முன்னறை அவருடைய அண்ணன் ஜோர்ஜுக்கும் அண்ணி நிஷாந்திக்கும். அக்கா திரும்பி வந்தபோது அவருக்குக் கிடைத்தது குசினிக்குப் பின்னால், உருளைக்கிழங்கு மூட்டை போட்டு வைத்திருந்த அறை. கொண்டுவந்த ஸ்வெட்டர், சென்ட், தோல் பை எல்லாம் ஒரே வாரத்தில் அண்ணியின் சொந்தக்காரர்கள் உடம்பிலும் தோளிலும் ஏறிவிட்டன. அண்ணி கேட்கவெல்லாம் இல்லை, எடுத்தார். பக்கத்து வீட்டில் இருக்கிற நான் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்ததுதான் மிச்சம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

யாருக்கும் வேண்டாதது கத்திப் பெட்டி மட்டும்தான். அதனால் அது அவரிடமே தங்கியது.

எல்லாம் பட்டனை அமுக்கினால் அலகு பாய்கிற பழைய இத்தாலியக் கத்திகள். அவர் வேலை செய்த வீடு மனியாகோ என்ற கத்திப் பட்டறை ஊருக்குப் பக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பழைய சாமான் சந்தை. மற்றப் பெண்கள் சட்டை பார்ப்பார்களாம், இவர் கத்தி பார்ப்பாராம்.

"ஏங்க்கா, போயும் போயும் கத்தியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாரம் பூரா யாராவது மணி அடிச்சா ஓடணும் ஷெரோமி. இது நான் அமுக்குனாத்தான் தெறக்கும், நான் சொன்னாத்தான் மூடும்" என்றார்.

எனக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார். ஒன்றுக்கு எருமைக் கொம்புப் பிடி, ஒன்றுக்கு மான் கொம்பு. ஒன்றின் அலகு துப்பாக்கிமுனை ஈட்டி போல நேராக இருக்கும், இன்னொன்று பாம்பு நெளிவில் போகும். ஒன்றில் பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள குறுக்குச் சிறகு நிலையாக நிற்கும், மற்றதில் மடங்கும். பட்டனுக்குப் பதிலாக ஒரு குட்டி நெம்பியைச் சாய்த்துத் திறக்கிற ஜாதியும் உண்டு. மூடுவதில்தான் வயது தெரியுமாம். பிந்தி வந்தவற்றில் அலகு தொடங்கும் இடத்திலுள்ள உலோகக் காப்பைத் திருகினால் பூட்டு விடும். அதற்கு முந்தியவற்றில் முதுகில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை நகத்தால் தூக்கினால்தான் அலகு மடங்கும்.

அந்த நாக்கு வைத்தது ஒன்றே ஒன்று அக்காவிடம் இருந்தது. அதை அவர் தேடி அலைந்தது பல வருடம். அவர் பிறப்பதற்கு முன்னால் செய்த கத்தி. அலகின் மேல் பட்டறைக் கல்லின் மெல்லிய கோடுகள் அப்படியே இருந்தன, அடியில் செய்தவரின் முத்திரை. "இது யாரும் தீட்டாத அலகு. ஒரு தடவ தீட்டிட்டா செத்துரும்" என்று சொல்லித் துணியில் சுற்றி வைப்பார்.

இப்போது ஜோர்ஜ் அண்ணனைச் சொல்ல வேண்டும். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் தடித்த கொப்புகளை ஒரே இழுப்பில் பிசிறில்லாமல் வெட்ட வேண்டும். பிசிறினால் செடி பட்டுப்போகும், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மலையில் வைத்தே மானத்தை வாங்குவார். அதனால் காலையிலும் தீட்டுக்கல், மாலையிலும் தீட்டுக்கல். மொண்ணைக் கத்தி வீட்டில் கிடந்தால் அண்ணனுக்குச் சோறு இறங்காது.

போன மாதம் அக்கா கண் காட்ட நுவரெலியாவுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணியின் தம்பி கிஷாந்த் வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? பெட்டியைத் திறந்து, ஒரு கத்தியை எடுத்து, தக்காளியை அறுத்துப் பார்த்திருக்கிறான். அறுபடவில்லை. அந்தக் கத்திகள் குத்துவதற்கு முனை வைத்தவை, விளிம்பில் பதம் கிடையாது. "என்னங்க மாமா, கவ்வாத்துக்காரர் வீட்ல மொண்ணக் கத்தியா?" என்று சிரித்திருக்கிறான். அண்ணனுக்கு அது போதும்.

அக்கா மாலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் அண்ணன் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சந்தோசம்.

"தங்கச்சி, வெள்ளக்காரனுங்க ஒன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க. ஒன்னுலகூட பதமில்ல. எல்லாத்தையும் தீட்டி, சேன்ட் பேப்பர் போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டேன். இப்ப முடியப் போட்டா அறுக்கும்."

நான் அப்போது அங்கேதான் நின்றேன். அக்கா அந்த நாக்கு வைத்த கத்தியின் துணியைப் பிரித்தார். கோடுகள் இல்லை. முத்திரை இருந்த இடம் மொழுமொழுவென்று கண்ணாடியாக மின்னியது. விளிம்பு தேய்ந்து அலகே ஒடுங்கியிருந்தது.

"யாரக் கேட்டுத் தொட்ட?" என்றார். அண்ணனை அவர் நீ போட்டுப் பேசி நான் கேட்டதேயில்லை. மேல் லயத்து வீடுகளுக்குக் கேட்டிருக்கும்.

"நல்லதுக்குத்தானே செஞ்சாரு!" என்று அண்ணி பாய்ந்தார். "ஒரு கத்திக்காக அண்ணனப் போட்டு இந்தக் கத்துக் கத்துறியே. அவரு மனசு என்னா பாடுபடும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அண்ணியைப் பிடித்து உலுக்கியிருப்பேன். நல்லதுக்குச் செய்தாராம். இந்த வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் நல்லதுக்குத்தான் செய்தார்கள். வந்து கூடியவர்களும் அதையேதான் சொன்னார்கள். பாவம் ஜோர்ஜ், கையெல்லாம் கொப்புளம், பெற்றீசியாவுக்கு வெளிநாட்டுத் திமிர், ஒரு வார்த்தை "சரி அண்ணே" என்றால் குறைந்தா போவாள்?

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது அப்புடிப்பட்ட கத்தின்னு எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்லலியே" என்றார்.

"நீங்க கேக்கலியே" என்றார் அக்கா. "கத்திய மட்டுமா? பதினாலு வருசம் போன்ல பேசுனீங்க. கூரைக்குத் தகரம் பத்தல, ஓடு பத்தலன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கெழம நீ என்ன செய்வன்னு ஒரு நாள் கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எல்லாரும் சமாதானம் பண்ணி, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள்.

மறுநாள் அவர் தலவாக்கலைக்குப் போய்க் கதவுப் பூட்டு ஒன்று வாங்கிவந்தார். கூடவே தச்சன் வீரய்யா.

"அண்ணி, முன் ரூம காலி பண்ணுங்க. எனக்கு வேணும்."

அண்ணி ஆடிய ஆட்டத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அண்ணன் தானே கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார். அலுமாரியையும் இழுத்தார். வீரய்யா பூட்டை மாட்டிச் சாவியைக் கொடுத்தார். அக்கா கத்திப் பெட்டியோடு உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

இருட்டுகிற நேரம் அண்ணன் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு அந்தக் கதவுக்கு முன்னால் வந்தார். பழக்க தோசத்தில் கையைக் கைப்பிடியில் வைத்தார். பிறகு எடுத்தார். விரலை மடக்கித் தட்டினார். அந்த வீட்டில் அக்காவுக்காக ஒருவர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

"யாரு?"

"நான்தாம்மா, அண்ணன். உள்ள வரலாமா?"

நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வேணாம்" என்றார் அக்கா. "இன்னைக்கு வேணாம்."

எனக்கு வயிறு குளிர்ந்தது. அண்ணன் தேத்தண்ணியை வாசற்படியில் வைத்து, அதை ஒரு பீங்கான் தட்டால் மூடிவிட்டுப் போனார்.