சைலன்சரும் என் ரவிக்கையும்

சாந்தோமில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அந்த உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும், காருக்கு அடியில் போகிற சைலன்சர் குழாய் எம்மாத்திரம்? எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். பள்ளிக்கூட வாத்தியார் கார் வைத்திருப்பது தெருவுக்கே அதிசயம். மெக்கானிக்கிடம் விடவே மாட்டார், எல்லாம் தன் கையால் செய்தாக வேண்டும். ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் கால் மட்டும் ஆடும்.

அவருடைய ஒரே தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லாத பெண். "பொண்ணு என் கார்லதான் கோயிலுக்குப் போவா, நான்தான் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போவேன்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார். அதற்காகவே சைலன்சரைக் கழற்றி, ஒரு வாரம் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைச் சுரண்டினார். மவுண்ட் ரோடு போய், சூடு தாங்குகிற சில்வர் பெயின்ட் வாங்கி வந்து இரண்டு கோட்டிங் அடித்து, மறுபடி மாட்டினார். அதே வாரம், லஸ்ஸில் தையற்காரரிடம் இருந்த என் ரவிக்கையை வாங்கி வரச் சொல்லி மூன்று நாள் கெஞ்சினேன். மூன்று நாளும் மறந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவருக்குப் பரீட்சை வேலை. லீவு கிடையாது. கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்தார்.

"பெயின்ட் சும்மா காஞ்சா பத்தாது, சூட்டுல வேகணும். எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்து. நல்லா ஆறட்டும். அப்புறம் இருபது நிமிஷம். மறுபடி ஆறவிட்டு அரை மணி. ஒரேயடியா சூடேறினா புகைஞ்சு, கொப்புளிச்சு, உரிஞ்சிடும். மறந்துடாதே."

"மறக்கிறது யாருன்னு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் சைக்கிள் தெரு திரும்பிவிட்டது.

முதல் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டேன். அப்பப்பா, என்ன நாற்றம்! மீன் கூடையோடு வந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாமா, மோட்டாரு பத்திக்கிச்சா? தெருவே பொகையா கீது!" என்றாள். நிறுத்திவிட்டு, ஆறட்டும் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளுக்கு ரவிக்கை நினைவு வந்தது. குழாயை வேகவைக்க நான், என் ரவிக்கையை வாங்கி வர ஆளில்லையா? வீட்டைப் பூட்டிக்கொண்டு லஸ்ஸுக்குப் போய்விட்டேன். தையற்காரர் இன்னும் ஊக்கே வைக்கவில்லை. காத்திருந்து வாங்கிக்கொண்டு திரும்பினால், பின்னாலேயே பள்ளிக்கூடத்திலிருந்து அவரும் வந்துவிட்டார்.

"மூணு தடவையும் ஓட்டினியா?"

"ஓட்டினேன்."

குனிந்து பார்த்தார். "பளபளன்னு இருக்கு பாரு!" முகமெல்லாம் சிரிப்பு. அப்போதாவது சொல்லியிருக்கலாம், மீதி இரண்டு தடவை ஓட்ட நேரம் இருந்தது. பாவி, நான் வாயைத் திறக்கவில்லை. கோபமெல்லாம் போய், பொய் சொன்ன வெட்கம்தான் மிஞ்சியது.

மறுநாள் தி. நகர் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஆழ்வார்பேட்டை தாண்டவில்லை, காலடியிலிருந்து புகை. கல்யாணப் பெண் இருமி இருமி, கண் மை கன்னத்தில் வழிந்தது. வண்டியை ஓரம் கட்டினார். புதுக் கோட்டோடு ரோட்டில் மண்டியிட்டு அடியில் பார்த்தார். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்து தொங்கியது.

"எல்லாத்தையும் நீயே ஏன் செய்யறே அண்ணா? தெரிஞ்சவங்ககிட்ட விட்டா என்ன?" என்று தங்கை அழுதாள். ஒரு டாக்சியை நிறுத்தி எங்களை ஏற்றினார். புகைகிற வண்டியை நடுவழியில் விட்டு வர முடியாமல், "போங்க, பின்னாலயே வரேன்" என்றார். கோயில் வாசலில் அவளைச் சித்தப்பா கைப்பிடித்து அழைத்துப் போனார். இவர் வந்து சேரும்போது தாலி கட்டியாகிவிட்டது.

"நான் சொன்னபடிதான் நீ செஞ்சே. நான்தான் துருவைச் சரியா சுரண்டல" என்றார் பிறகு என்னிடம். நான் அவர் புதுக் கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். அந்த மாதமே காரை விற்றுவிட்டார்.

சில வருஷம் கழித்து வாசல் கேட் துருப்பிடித்தது. "நீங்களே பெயின்ட் அடிச்சிடுங்களேன்" என்றேன்.

"வேணாம். நான் தொட்டா உரிஞ்சிடும். ஆளைக் கூப்பிடு" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஆளைக் கூப்பிடத் தெருமுனைக்குப் போனேன்.