தங்கப் பிடி போட்ட கத்தி

கேம் விளையாடுகிறவர்கள் தங்கள் ஆயுதங்களை உள்ளேயே செய்துகொள்ள வழி அமைத்துக் கொடுப்பது என் தொழில். நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் சரி, யோசித்து யோசித்துச் செய்ததை இன்னொருவர் இரண்டே நிமிடத்தில் தலைகீழாகப் பிடித்ததைப் பார்த்திருந்தால், நீங்களும் என் கட்சிதான்.

மீன் ஆயுதம்

எஹலியகொடவில் வீட்டிலிருந்தபடியே ஒரு கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்கிறேன். எந்த இரண்டு பொருளைச் சேர்த்தாலும் ஒரு கருவி வரும் என்று முதலில் வைத்தேன். இரும்பையும் மரத்தையும் சேர்த்துக் கோடரி செய்வார்கள் என்று நம்பினேன். சோதித்துப் பார்க்க வந்த ஒருவர் மீனையும் கயிற்றையும் சேர்த்தார். சுழற்றி நாலு அடி. நாங்கள் பாடுபட்டுச் செய்த பூதம் செத்தே போனது. திருத்த உட்கார்ந்தால் அவருடைய குறிப்பு வருகிறது: "தயவுசெஞ்சு மீன்ல மட்டும் கை வைக்காதீங்க."

நாற்பது கத்தி

பயந்துபோய் எல்லாவற்றையும் இறுக்கினேன். நாற்பது கத்தி, ஒவ்வொன்றுக்கும் இன்ன இன்ன பொருள்தான் என்று பட்டியல். அடுத்த சோதனையில், கேமில் ஆயுதம் செய்கிற பட்டறைக்குள் யாருமே நிற்கவில்லை. இன்னொரு முறை இப்படியானால் பட்டறையையே தூக்கிவிடுவோம் என்றார் எங்கள் குழுத் தலைவி நில்மினி. ஒரு வருட உழைப்பு. அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "கடையில விலை கேட்டுட்டுப் போற மாதிரி போறாங்க, நங்கி." நங்கி என்றால் தங்கச்சி.

ஸ்டெல்லா அக்கா

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஞாயிறு பூசை முடிந்து வந்தவரிடம் கேமைத் திறந்து போனைக் கொடுத்தேன். இருப்பதிலேயே உயர்ந்த, தங்கப் பிடி போட்ட கத்தியைச் செய்தார். முகத்தைச் சுளித்தார். வீட்டுக்குப் போய்த் தன் கத்தியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது, கையோடு ஒட்டிக்கொண்டது. "வேர்த்த கையில தங்கம் வழுக்கிறாதா தங்கச்சி? ஒங்க கத்தி வெட்டுறவங்க செஞ்சது இல்ல, வேடிக்க பாக்குறவங்க செஞ்சது."

காத்திருந்த பூதம்

முப்பது கத்திகளைத் தூக்கிப்போட்டேன். பிடியில் டியூபா, துணியா, தும்புக் கயிறா, எத்தனை சுற்று என்பதெல்லாம் விளையாடுகிறவர் இஷ்டம். கடைசிச் சோதனையில் ஒரு பெண் ஒரு மணி நேரமும் பிடி சுற்றிக்கொண்டே இருந்தாள். அவிழ்த்தாள், சுற்றினாள், சிரித்தாள். வாசலில் பூதம் சும்மா நின்றது. நில்மினி விழுந்து விழுந்து சிரித்தார்: "சரி, பட்டறை இருக்கட்டும். பூதத்துக்கு ஒரு நாற்காலி போடுங்க."

பெயர்

அக்காவிடம் அனுமதி கேட்டு, டியூப் சுற்றிய கத்திக்கு 'ஸ்டெல்லா' என்றே பெயர் வைத்தோம். கேம் வெளிவந்ததும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், "ஸ்டெல்லா இல்லாமல் நான் வெளியே இறங்குவதில்லை" என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டினேன். அக்கா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்: "ஐயோ, இத எங்க வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சிறாத!"

அடுத்தவர் ஆசைப்படி ஆயுதம் செய்ய வழிவிடுவதுதான் என் தொழில் என்பதை, என் ஆசைப்படி நாற்பது கத்தி செய்து முடித்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.