பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞான வாத்தியாராக இருந்தேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. கார் வாங்கலாம் என்று முடிவெடுத்தோம். சரியாகச் சொன்னால் நான் முடிவெடுத்தேன், அவள் தலையாட்டினாள். எனக்கு வேண்டியிருந்தது குடும்பக் கார் அல்ல. சின்னதாக, வேகமாக, ஏரிப் பக்கம் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்று.

அந்த மலையில் அப்படி இரண்டு கார்கள் விலைக்கு இருந்தன. ஒன்று, பெரும்பாறையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு இளைஞருடையது. மஞ்சள் நிறம், நாலு கதவு. பந்தயத்துக்காக எஞ்சினில் என்னவெல்லாமோ மாற்றியிருந்தார். ஸ்டியரிங் சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும். இன்னொன்று எங்கள் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுடையது. சிவப்பு, இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு. ரிட்டையராகிப் பாளையங்கோட்டையில் தங்கச்சி வீட்டோடு போய் இருக்கப் போவதால் விற்கிறார். அறுபது வயதிலும் அந்தக் காரை அவரே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வருவார்.

மஞ்சள் காரை ஒரு சனிக்கிழமை ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். சமதளம். எஞ்சின் உறுமியது, எனக்குள்ளும் என்னமோ உறுமியது. மறுநாள் ஆராதனை முடிந்து, செண்பகனூரில் மிஸ் வீட்டுக்குப் போனோம். சாவியைக் கொடுத்துவிட்டு மிஸ் சொன்னார், "டவுன் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க சார். மேட்டுல எப்படி இழுக்குதுன்னு பாத்தாத்தான் வண்டி தெரியும்."

நான் கார் பழகியது திண்டுக்கல்லில், மைதானத்தில். மலைக்கு வந்த பிறகு ஸ்கூட்டர்தான். என் மனைவியின் அப்பா தாண்டிக்குடியில் எஸ்டேட் ஜீப் டிரைவர். பதினெட்டு வயதிலேயே மகளுக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை அன்றுவரை ஸ்டியரிங் பக்கம் உட்காரச் சொன்னதில்லை.

இரண்டு வளைவு நன்றாகத்தான் போனது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கியது. நிறுத்தினேன். பஸ் பாதி திரும்பி, எனக்கு இடம் விட்டு நின்றது. ஏற்றத்தில் நிறுத்திய வண்டியை எடுக்க எனக்குத் தெரியவில்லை. கிளட்சை விட்டால் எஞ்சின் அணைந்தது, பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருண்டது. மூன்று தடவை அப்படி ஆனது. பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "கைபிரேக்கை இழுங்க, வெரசா," என்றாள் மனைவி. பதற்றத்தில் என் கால் எதன்மேல் இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வண்டி சரிந்து போய்ப் பின்புறம் ரோட்டோரக் கல்லில் மோதி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

அவள் கதவைத் திறந்து இறங்கி என் பக்கம் வந்தாள். "நகந்து உக்காருங்க," என்றாள். நகர்ந்தேன். புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, கைபிரேக்கை மெல்ல விட்டு, ஒரே இழுப்பில் வண்டியை மேலேற்றினாள். பஸ்ஸில் யாரோ கைதட்டினார்கள். டவுன் வரை போய்த் திரும்பி, இறக்கத்திலும் அவள்தான் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் அழகாகப் பிடித்தது. "நல்ல வண்டிங்க, இதையே வாங்கலாம்," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. மிஸ் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தச் சொல்லி இடம் மாறி உட்கார்ந்துகொண்டேன்.

நசுங்கிய பின்புறத்தை மிஸ் பார்ப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "மேட்டுல பிரேக் பிடிக்கல மிஸ். நாங்க பொழச்சதே பெரிசு."

அவர் காரைப் பார்க்கவேயில்லை. "உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே சார்? உங்களுக்கு ஒண்ணுமில்லையேம்மா?" என்று எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிப் போய்க் காப்பி போட்டுக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டார். நான் அதோடு விடவில்லை. "இனிமே இதை நீங்க ஓட்டாதீங்க," என்று புத்தி வேறு சொன்னேன். என் மனைவி காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்," என்றேன். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லப் பள்ளம் ஆழமானது. அந்தக் காரைப் பார்க்கப் போவதாக இருந்த இரண்டு பேர் பின்வாங்கினார்கள். மிஸ் அந்த மாதம் முழுவதும் பள்ளிக்கு நடந்தே வந்தார், மழையிலும். கடைசியில் வத்தலக்குண்டு மெக்கானிக் ஒருவர் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். நான் மஞ்சள் காரை வாங்கினேன்.

சில மாதம் கழித்துப் பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தியபோது அதே சிவப்புக் கார் நாலு ஆளும் மூட்டையுமாக ஏறி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அந்த மெக்கானிக்தான். "பிரேக்கெல்லாம் சரி பண்ணிட்டீங்களா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சரி பண்ண என்ன இருக்கு சார்? அந்த மிஸ்ஸுக்குப் போன வருசம் நாந்தானே புதுசா மாட்டிக் கொடுத்தேன். இன்னும் தொடக்கூட இல்ல."

மனைவி பக்கத்தில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு அடுத்த கிறிஸ்துமஸ் லீவில் திருநெல்வேலியில் இருந்த அவளுடைய சித்தி வீட்டுக்குப் போனோம். மிஸ்ஸைப் பார்க்காமல் வரக் கூடாது என்றாள். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வீடு. எங்களைக் கண்டதும் மிஸ் தங்கச்சியைக் கூப்பிட்டு, "இந்த சார் இல்லன்னா நான் இன்னைக்கு உயிரோட இல்ல. வண்டி விக்கலைன்னா அதுலயே ஊர் வந்து சேரலாம்னு இருந்தேன். மலை இறங்கியிருக்கவே மாட்டேன்," என்றார். தங்கச்சி எனக்குக் கும்பிடு போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். கேக்கைத் தின்றேன்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் மனைவி சொன்னாள், "போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாத ஒருவரிடம் மருந்து சாப்பிடச் சொல்கிற குரல்.

திரும்பப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மிஸ் எங்களுக்கு வைத்த தட்டுகளை எடுத்துக்கொண்டே ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினேன். அப்புறம் மாட்டிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் சுவரோரமாக நின்றுவிட்டுக் காருக்கு வந்தேன்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பரவாயில்ல, மறந்துருங்கன்னாங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடவேயில்லை. பிறகு, "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். சாவியைக் கொடுத்தேன். மதுரை தாண்டி, மலையேறி வீடு வரை அவள்தான் ஓட்டினாள், வழியெல்லாம் பேசிக்கொண்டே. எங்கள் கல்யாண வாழ்க்கை அன்றைக்குத்தான் நல்லபடியாகத் தொடங்கியது என்று அவள் பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

மிஸ் இறந்த சேதி நாலு வருஷம் கழித்து வந்தது. இருவரும் அடக்கத்துக்குப் போனோம். நான் கடைசி வரிசையில் நின்றேன். பழைய கூச்சமாகத்தான் இருக்கும் என்று நினைத்து மனைவி என்னை முன்னால் கூப்பிடவில்லை. இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை.