வத்தல் சாக்கு

நேற்று பக்கத்து வீட்டில் வத்தல் வறுத்தார்கள். காய்ந்த மிளகாயைத்தான் நாங்கள் வத்தல் என்போம். தெருவே தும்மிச் சிரித்தது. எனக்குத் தங்கம் அக்காவின் ஞாபகம் வந்து, உள்ளே போய்விட்டேன். நாலு பேர் சிரிக்கும் இடத்தில் எப்போதுமே எனக்கு நிற்க வராது. அது வேறு கதை.

அந்தக் காலத்தில் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு வத்தல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு வேறென்ன கிடைக்கும்? பங்களாதேஷ் சண்டை தொடங்கியதும், பட்டாளத்துக்கு மணல் மூட்டை கட்டச் சாக்கு கொடுப்பதாக முதலாளி ஏற்றுக்கொண்டார். புதுச் சாக்குக்கு அவர் எங்கே போவார்! பழைய வத்தல் சாக்குகளை உதறி, ஓட்டை தைத்து அனுப்பச் சொன்னார். அது பெண்கள் வேலை; தங்கம் அக்காவும் அவர்களில் ஒருத்தி. முதல் நாளே கடைத்தெரு முழுக்கத் தும்மல்.

"கதவ அடைங்கட்டி! எதுத்த கடையில கல்யாணச் சேலை எடுக்க வந்தவங்க எந்திரிச்சுப் போறாங்க."

"அடைச்சா நாங்க செத்துருவோம் மொதலாளி."

"எல்லையில பயலுவ சாவுகானுவ. ஒனக்குத் தும்மல் பெருசோ?"

கதவு அடைபட்டது.

தங்கம் அக்காவின் கணவர் அந்த எல்லையில்தான் இருந்தார். அதனால் அவள் மற்றவர்களைவிட ஓங்கி உதறினாள், நெருக்கித் தைத்தாள். கண் சிவந்து வீங்கியது.

"எக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகப்பிடாதா?"

"தையல் விட்டா குண்டு அவரு நெஞ்சுலல்லா படும்? அவரு வரட்டு. கண்ணாரப் பாத்துட்டு அப்புறம் போறேன்."

யாரோ சொன்னார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டாள். சண்டை சீக்கிரமே முடிந்துவிட்டது. முதலாளியின் சாக்குகள் முடியவில்லை. அவை முடிவதற்குள் அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. கணவருக்கு யாரும் எழுதவில்லை.

அவர் காயம்பட்ட கூட்டாளியைச் சுமந்து வரும்போது ஒரு காலை இழந்தவர். தைரியசாலி, அதில் சந்தேகமே இல்லை. திரும்பி வந்த அன்று தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் அவருக்கு மாலை போட்டார்கள். சாக்கு கொடுத்த முதலாளிக்கும் ஒரு மாலை. நான் அக்காவைக் கைபிடித்துக் கூட்டிப் போயிருந்தேன். நெரிசலில் கை விட்டுப்போனது. தடவிக்கொண்டே போனவளின் கையில் மாலை பட்டது.

"வந்துட்டியளா!" என்று அந்த நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள்.

"ச்சீ, ஆளு தெரியாதா?" என்று முதலாளி அவளைத் தள்ளினார். பிளாட்பாரமே சிரித்தது.

கட்டையை ஊன்றி நின்ற கணவர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் குருடிய ஆரு இங்க கொண்டுவந்தது?"

அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவர் படம் ஊர் வாசகசாலையில் மாட்டியிருக்கிறது. அக்கா சில வருஷம் கிழக்கேகோட்டை பஸ் நிற்கும் இடத்தில் கை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அங்கே அவள் இல்லை. கண்டக்டரிடம் விசாரித்தேன்.

"எந்த அம்மச்சி? கண்ணு காணாத்தவங்க இங்க நெறைய பேரு உண்டல்லோ" என்று விசில் ஊதினான்.