பொம் அலாஸ்கா, பன்னிரண்டு பேருக்கு

சந்திரகாந்தாவுக்கு முப்பத்தெட்டு வயதுவரை பொலிஸ் நிலையத்தின் உள்பக்கம் எப்படியிருக்கும் என்று தெரியாது. ஒரு புடிங்கினால் தெரிந்துகொண்டாள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள். அவளும் கூடவே சிரித்துப் பார்த்திருக்கிறாள். வாய் ஒத்துழைப்பதில்லை.

றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொரை பங்களாக் குசினியில் பதினோரு வருசமாக அவளுக்கு வேலை. புருசன் அழகமுத்து மலையில் கவ்வாத்து வெட்டுகிறவன். தொரைக்கு வாய்த்த தொரசாணி கொழும்பில் படித்த சிங்களப் பெண்மணி. அப்பாவோடு நாலைந்து தேசம் சுற்றிவந்தவள். துணிமணியைவிடச் சமையல் புத்தகங்களைத்தான் அதிகம் கொண்டுவந்திருந்தாள். குசினி முக்காலியில் உட்கார்ந்து இங்கிலீசுப் புத்தகத்தை மடியில் விரித்து, பாதி சிங்களமும் பாதி தோட்டத்துத் தமிழுமாக அவள் வாசித்துச் சொல்லுவாள். சந்திரகாந்தா பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொள்ளுவாள்.

கொப்பி சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று சொற்களைக் குறுக்குவது அவள் பழக்கம். முட்டை வெள்ளைக்கரு என்று முழுசாக எழுதமாட்டாள், மு.வெ. ஐசிங் சீனி ஐ.சீ. பட்டர் கேக் ப.கே. எழுதியவளுக்குப் புரிந்தால் போதாதா?

பங்களாவில் கற்றதை லயத்து வீட்டில் செய்து பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைப் படுக்கப்போட்டு, கீழேயும் மேலேயும் தணல் கொட்டி, அதைத் தகரப் போறணையாக்கி வைத்திருந்தாள். மக்கரோனியைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பாள். சீஸ் ஏது? ரொட்டி மாவில் டின் மீனும் தக்காளியும் வெங்காயமும் பரப்பிச் சுட்டெடுத்து, இதுதான் இத்தாலிக்காரன் பிட்சா என்று தட்டில் வைப்பாள்.

"ரொட்டி மேல கறிய ஊத்திட்டு வெள்ளக்காரன் பேரு வச்சிருக்க" என்பான் அழகமுத்து. சொல்லிக்கொண்டே மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டுவான்.

வீட்டில் செய்யமுடியாமல் போனது ஒன்றே ஒன்று. அதன் பெயர் பொம் அலாஸ்கா. பட்டர் கேக்கின் மேல் ஐஸ்கிரீமைக் கிண்ணம் கவிழ்த்ததுபோல் குவித்து, அடித்த முட்டை வெள்ளைக்கருவால் மூடி, விருந்துக்காரர்கள் முன்னால் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவது. நீலமாக ஒரு சுவாலை எழும்பி அடங்கும். உள்ளே ஐஸ்கிரீம் கரையாமல் அப்படியே இருக்கும். பங்களா விருந்தொன்றில் அதை முதன்முதல் செய்து கொண்டுபோய் வைத்தபோது வெள்ளைக்கார விருந்தாளி ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் கைதட்டலில் பாதி தனக்குத்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அதில் தப்பும் இல்லை.

1997ஆம் வருசம் தம்புள்ளையிலிருந்து தங்கை சுந்தரம்மாவிடமிருந்து சேதி வந்தது. மூத்த மகள் பெரியவளானதற்குச் சடங்கு. சுந்தரம்மாவின் புருசன் பஸ் நிற்கிற இடத்தில் குளிர்பானக் கடை வைத்திருந்தார். கடையில் பெரிய குளிர்ப்பெட்டி இருந்தது. இது போதாதா சந்திரகாந்தாவுக்கு? பந்தி முடிந்ததும் அக்கா ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். வீட்டில் சுட்ட பட்டர் கேக்கைத் துணியில் சுற்றிப் பையில் வைத்து, கொப்பியில் அந்தப் பக்கத்துக்கு அடையாளமாக ஒரு ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு, காலை பஸ்ஸில் தனியாகப் புறப்பட்டாள்.

பாதி வழியில் காவலரணில் பஸ் நின்றது. அந்த நாட்களில் அது புதினமில்லை. எல்லோரும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, மறுபக்கம் ஏறவேண்டும். இராணுவக்காரப் பையன் அவள் அட்டையில் பெயரைப் பார்த்தான். பையைத் திறந்தான். கேக்கை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். கொப்பியை எடுத்தான். ஈர்க்குச்சி செருகிய இடத்தில் அது தானாகவே விரிந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரைக் கூப்பிட்டு நீட்டினான்.

பொலிஸ்காரர் பெயர் றஹீம்; மாத்தளை டவுண்காரர், தமிழ் பேசும் முஸ்லிம். ஒரு கையில் கொப்பியைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகத்தான் வாசிக்கத் தொடங்கினார்.

"பொம் அலாஸ்கா. மு.வெ. நாலு. ஐ.சீ. அரை. ப.கே. ஒண்டு. ஐ.கி. ரெண்டு. பி. ரெண்டு கரண்டி. முந்தின நாளே செய்து, பிள்ளைகள் கண்ணில் படாமல் வைக்கவும். ஆட்கள் கூடியதும் விளக்கை அணைத்து, பி. ஊத்தி, நெருப்பு வைக்கவும். பன்னிரண்டு பேருக்குப் போதும்."

பொம் என்றால் அந்த நாட்களில் குண்டு ஒன்றுதான். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி வரி வெறும் மூச்சாகத்தான் வெளியே வந்தது. சந்திரகாந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினோரு வருசமாகத் தன் கையெழுத்தில் கிடந்த வரிகள்தான். பங்களாப் பிள்ளைகள் முன்னதாகவே விரலால் தோண்டித் தின்றுவிடுகிறார்களே என்று எழுதிவைத்தது. அதையே இன்னொருவர் வாயால், அந்த இடத்தில், துப்பாக்கிக்காரர்கள் நடுவில் கேட்டபோது அவளுக்கே யாரோ ஒரு படுபாவி எழுதியதுபோல் இருந்தது.

"அது திங்கிற சாமானுங்க ஐயா. புடிங்குங்க" என்றாள்.

பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. கூட வந்தவர்களில் ஒருவர்கூட யன்னலால் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பார்த்தவன் பெயரும் எழுதப்படுகிற காலம்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மாத்தயா சத்தம் போடாத மனுசன். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. மேசையில் கொப்பியை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சிங்களத்தில் கேட்டார். மு.வெ. யார்? ஐ.சீ. யார்? அலாஸ்கா என்கிறவன் எந்த ஊர்? சந்தைக்குப் போய்வருகிற அளவுக்கு அவளுக்குச் சிங்களம் வரும். முட்டை, சீனி, கேக், ஐஸ்கிரீம், பிராந்தி என்று வரிசையாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். றஹீம் கொப்பியின் மற்றப் பக்கங்களைப் புரட்டி, "பொம்பாய் டோஸ்ட்" என்றும் ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

"அது எனக்குத் தெரியும். பாணை முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. வீட்டில் சாப்பிடுகிறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அத மாதிரித்தாங்க ஐயா இதுவும்" என்று அவள் கெஞ்சினாள்.

அவர் யோசித்தார். இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். சந்திரகாந்தாவுக்கு உயிர் திரும்பி வந்தது. இதை முன்னமே சொல்லாமல் போனேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பங்களாத் தொரசாணி என்றாள்; டெலிபோன் இலக்கமும் சொன்னாள். ஒரு வார்த்தை. தொரசாணி ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பஸ்ஸில் தம்புள்ளைக்குப் போய்விடலாம், சடங்குக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

இன்ஸ்பெக்டர் அவள் எதிரில்தான் பேசினார். தெளிவாகத்தான் கேட்டார். சந்திரகாந்தா என்று உங்களிடம் சமையல்காரி உண்டா? பொம் அலாஸ்கா என்று ஒரு புடிங் உண்டா? நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்களா? பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாக நன்றி சொல்லி வைத்தார்.

"நீ அங்கே வேலை செய்வது உண்மையாம். அப்படி ஒரு பலகாரத்தை உன் தொரசாணி நோனா கேள்விப்பட்டதே இல்லையாம். வேலை முடிந்து போனபிறகு நீ செய்வதற்கெல்லாம் அவர்கள் பொறுப்பில்லையாம்."

சந்திரகாந்தா முதலில் தன் சிங்களம்தான் பிசகிவிட்டது என்று நினைத்தாள். றஹீமைப் பார்த்தாள். அவர் தமிழில் திருப்பிச் சொன்னார். அதற்கும் அதே அர்த்தம்தான். துப்பாக்கியைப் பார்த்தபோதுகூட நின்றுகொண்டிருந்தவள், அந்த இடத்தில் சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெண் பொலிஸ் ஒருத்தி வந்து கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளறையில் விட்டாள். அழுகை வரவில்லை. கேள்விப்பட்டதே இல்லையாம். முக்காலியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து, மூன்று தரம் வாசித்துச் சொன்ன வாய்.

மறுநாள் காலை அழகமுத்து தோட்டத்துச் சங்கத் தலைவர் மாரிமுத்துவோடு வந்து வாசலில் நின்றான். அன்று பொழுதுபடுவதற்குள் முடிவாகாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். மேலிடம் போனவர்கள் எந்த மாதம், எந்த வருசம் வருவார்கள் என்று சொல்ல ஒரு மனுசனும் கிடையாது.

றஹீமுக்கு மனசு உறுத்தியிருக்கவேண்டும். தன் மனைவி ஹிதாயா குவைத்தில் நாலு வருசம் வீட்டு வேலை செய்தவள், இப்போது டவுணில் கலியாண வீடுகளுக்குக் கேக் சுட்டுக் கொடுக்கிறாள் என்று இன்ஸ்பெக்டரிடம் மெல்லச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கூட்டிவர வேறு ஆள் போகட்டும். நீ இங்கேயே இரு. அவளிடம் ஒரு வார்த்தை பேசினாலும் நீயும் உள்ளே போவாய்" என்றார். கெட்டிக்கார மனுசன். எழுதியவள் சொன்னதும், அறியாதவள் வாசிப்பதும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கப்போகிறார்.

ஹிதாயா தலையில் முக்காடும் கையில் ஒட்டிய மாவுமாக வந்தாள். உடுப்பில் மாவு படாமல் இடுப்பில் கட்டியிருந்த சாக்குத் துணியைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லைபோல. கொப்பியை அவள் முன்னால் வைத்தார்கள். சந்திரகாந்தாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினார்கள்.

"மு.வெ. முட்டை வெள்ள. ஐ.சீ. ஐசிங் சீனி. ப.கே. பட்டர் கேக்" என்று ஹிதாயா கடைச் சீட்டு வாசிப்பதுபோல் வாசித்தாள். "ஐ.கி. ஐஸ்கிரீம். வேற என்னத்தயன் வைக்க? பி. ரெண்டு கரண்டி..." கொஞ்சம் நின்றாள். "பிளம்ஸ்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. சந்திரகாந்தாவுக்குச் சுவர் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு சொல். தாய்மொழி ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான், ஆனாலும் அந்த முஸ்லிம் வீட்டுக் குசினியில் பி என்றால் பிளம்ஸ்தான் என்று எழுதும்போது சந்திரகாந்தாவுக்கு எப்படித் தெரியும்? இதற்காகவா போகப்போகிறேன் என்று நினைத்தாள். குறுக்கி எழுதிய தன் கையை வெட்டிப்போடலாம் என்றிருந்தது.

ஹிதாயா மேலே வாசித்துக்கொண்டிருந்தாள். பி. ஊத்தி என்ற இடத்துக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டாள்.

"இல்ல மாத்தயா. பிளம்ஸ ஊத்த ஏலா. நெருப்பும் பிடிக்காது." முகத்தைச் சுளித்தாள். "இது பிராந்தி. எங்கட வீட்டுல அந்தச் சாமான் வைக்கிறல்ல. அதுதான் நாக்குல வரல்ல. குவைத்துல இதையே நாங்க போறணைக்குள்ள வச்சு எடுக்கிற. நல்லா எழுதியிருக்கா இந்தப் புள்ள. இத வச்சுக்கொண்டு என்னத்துக்கு அவவப் புடிச்சி வச்சீக்கீங்க?"

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரும் சொன்னதை எழுதிய தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கொப்பியிலிருந்து கிழித்துக் கோப்பில் போட்டுக்கொண்டு, மீதிக் கொப்பியைச் சந்திரகாந்தாவிடம் நீட்டினார். போகலாம் என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல்லை அந்தக் கட்டடத்தில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. கேக்கை யார் தின்றார்கள் என்றும் தெரியவில்லை.

வாசலில் ஹிதாயாவின் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் சந்திரகாந்தா. "போங்க தாத்தா, ஊட்டுக்குப் போய்ப் படுங்க" என்றாள் ஹிதாயா. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். அழகமுத்து அதைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தான். இரண்டு நாளில் முதல்தரமாக அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சடங்கு முடிந்துவிட்டிருந்தது.

மூன்று நாள் லயத்தில் கிடந்தாள். நாலாம் நாள் வேலைக்குப் போனாள். போகாதே என்றான் அழகமுத்து. போகாமல் எப்படி? அதற்கு மேலாக, தொரசாணி என்ன சொல்லுகிறாள் என்று கேட்கவேண்டும்போல் இருந்தது. ஒருவேளை டெலிபோனில் கேட்டது விளங்காமல் போயிருக்கலாம். சிங்களத்தில் பொம்ப என்றால் குண்டுதானே. பயத்தில் அதுதான் காதில் விழுந்திருக்கும். அந்த மனுசிக்காக அப்படியெல்லாம் ஒரு சமாதானத்தை அவளே செய்து வைத்துக்கொண்டாள்.

தொரசாணி குசினிக்கு வந்தாள். "வந்தது நல்லது சந்த்ரா. ஒடம்பு சரியா?" என்றாள். பிறகு, "சனிக்கிழம எட்டுப் பேர் வராங்க. அந்த ஐஸ்கிரீம் பத்தவைக்கிறது செய்வோமா?" என்றாள்.

சந்திரகாந்தா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கொப்பியில் அந்தப் பக்கம் இல்லை, பொலிஸில் இருக்கிறது, வாசித்தால் எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

தொரசாணி உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். முக்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தாள். அறுநூறு பக்கப் புத்தகம். தேடவில்லை. ஒரே விரிப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

அதைப் பார்த்ததும் சந்திரகாந்தாவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ இற்று விழுந்தது. காவலரணில் விழாதது, சிமெந்துத் தரையிலும் விழாதது. காது கேட்காமலும் இல்லை, மறதியும் இல்லை. தெரிந்தே சொல்லியிருக்கிறாள்.

"முட்டை வெள்ளைக்கரு நாலு" என்று தொடங்கினாள் தொரசாணி.

"மொதல்ல பேருங்க" என்றாள் சந்திரகாந்தா. "இந்தப் பலகாரத்துக்குப் பேரு என்னான்னு போடட்டும்?"

தொரசாணி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் அங்கே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. "பேரு ஓனே நே சந்த்ரா. பேரு வேணாம். நீ எழுது."

"பேரில்லாத பலகாரம் எனக்குச் செய்யத் தெரியாதுங்க, தொரசாணி."

பதினோரு வருசத்தில் அவள் அந்தக் குசினியில் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல்தரம். பென்சிலைக் கொப்பியின் மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மத்தியானச் சோற்றுக்கு அரிசி களையப் போனாள்.